செத்தவர் வாயைத் திறக்கக் கூடாது

ரோலண்ட் பிக்ஸ்பியைக் கொன்றுவிடலாம் போலிருக்கிறது என்று அவருடைய பெரோகிக் கொழுக்கட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த ஒவ்வொருவரும் எப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வெர்னா வாராவாரம் சொல்வாள். சரக்கு அனுப்பும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. லாரி கிளம்பும் நேரம் பார்த்து வந்து நின்றுகொண்டு, "இந்தப் பெட்டிய ஏன் அடியில வெச்ச, அந்தப் பெட்டிய ஏன் மேல வெச்ச" என்று கேட்கிற முதலாளியை வேறு என்ன சொல்வதாம். ஆனால் வாயால் சொல்வது ஒன்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆவிக்குளியல் குடிசைக்கு வெளியே, இடுப்பில் ஒரு துண்டோடு, பின்மண்டையில் ரத்தம் கசிய, அவர் பனியில் குப்புறக் கிடப்பதைக் கண்ணால் பார்ப்பது முற்றிலும் வேறொன்று.

அந்த மலைக்கு அவர்களைக் கூட்டி வந்ததே ரோலண்ட்தான். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து எங்காவது போனால் ஒற்றுமை வளரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கூட்னி மலைகளில், கடைசி ஊரையும் தாண்டி, மரங்கள் முடிந்து வெறும் வெள்ளைச் சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு விடுதி இருந்தது. சங்கிலிச் சக்கரம் பூட்டிய பனிவண்டியில்தான் போக முடியும். பொட்டலம் கட்டும் பெண்கள் விவரமானவர்கள். அந்த வாரம் அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. தப்பிக்கத் தெரியாத நாலு பேர்தான் அவரோடு வண்டியேறினார்கள்.

வெர்னா ஒருத்தி. இன்னொருத்தி டாம்சின். பெரோகிக்குள் வைக்கும் பூரணங்களைப் புதிது புதிதாகக் கண்டுபிடிப்பது அவள் வேலை. முப்பது வயது, முணுக்கென்று கோபம். மூன்றாவது ஆள் லைல், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நாலாவது ட்வெய்ன், விற்பனைக்காரன். ட்வெய்னுக்கு ரோலண்ட் என்றால் உயிர். அவர் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை வாங்கினால் அடுத்த மாதம் இவன் உடம்பிலும் அதே சட்டை இருக்கும். அவருடைய தடித்த கறுப்பு ஃபிரேம் மூக்குக்கண்ணாடி மாதிரியே தேடிப் பிடித்து ஒன்று வாங்கி மாட்டியிருந்தான். பின்னாலிருந்து பார்த்தால் முதலாளியின் தம்பி என்றே நினைக்கத் தோன்றும்.

விடுதியை நடத்தியவள் ஓடில். க்யூபெக்கிலிருந்து வந்து பல வருஷமாக அந்த மலை உச்சியில் தனியாக இருக்கிறாள். சமையல், விறகு வெட்டுவது, காலொடிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவளே. ரோலண்ட் தன்னோடு கொண்டுவந்த உறைந்த பெரோகி மூட்டையைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் வீட்டுக்கு வந்து உங்க சரக்கையே சாப்பிடப் போறீங்களா? அத வெளிய வைங்க. காக்காய்க்கு ஆகும்."

அன்றைக்கே வெர்னாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், மாவுக்குள் இறைச்சி வைத்து ஓடில் சுட்ட பலகாரம் பாதி காலியான நேரத்தில் ரோலண்ட் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினார்.

"டாம்சின் செஞ்ச புகை போட்ட சால்மன் மீன் பூரணம் இருக்கே, அது நம்ம கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நம்ம போட்டிக் கம்பெனி, அந்தக் கால்கரிக்காரன் கடைக்கு வந்துடுச்சு. உப்புகூட மாறல. இந்த மேஜையில இருக்கிற ஒருத்தர்தான் கொண்டு போய்க் குடுத்திருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொல்றேன். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க."

அதற்கப்புறம் லைல் ஒருவனுக்குத்தான் சாப்பாடு இறங்கியது. டாம்சின் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். ட்வெய்ன் வெர்னாவின் காதருகே குனிந்து, "பாவம் டாம்சின். சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணியிருப்பா. நான் ரோலண்ட்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றான். எவ்வளவு நல்ல மனசு என்று வெர்னாவும் நினைத்துக்கொண்டாள்.

இரவு முழுக்கக் காற்று விடுதியைப் பிடித்து உலுக்கியது. காலையில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே எங்கேயோ பனி சரிந்து வண்டித்தடம் மூடிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. யாரும் மேலே வரவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது.

"அப்ப என்ன, நல்லதாப் போச்சு" என்றார் ரோலண்ட். குளியல் குடிசையில் அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதைக்காகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நடந்து போனார். உள்ளே நன்றாக வெந்து, உடம்பு செக்கச் சிவந்ததும் வெளியே ஓடிவந்து பனியில் புரண்டு, மறுபடி உள்ளே போவது அவர் வழக்கம். அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் வெர்னா அவர் புரண்டு முடித்து எழாமல் கிடந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பிர்ச் விறகுக்கட்டை. அதன் முனையில் ரத்தமும் கொஞ்சம் நரைமுடியும்.

அவள் கத்தியது காற்றில் அவளுக்கே கேட்கவில்லை. சமையலறைக்கு ஓடி ஓடிலை இழுத்து வந்தாள். விறகு இழுக்கும் சறுக்குப் பலகையில் அவரைக் கிடத்தி இருவருமாகப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஓடில் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

கூடத்துக்குள் போய்ச் சொல்ல வேண்டிய வேலை வெர்னாவுக்கு. பனி ஒட்டிய மண்வெட்டியோடு கூரையிலிருந்து இறங்கி வந்திருந்தான் லைல். பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்த கையோடு டாம்சின் வந்தாள். படுக்கையறையிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான் ட்வெய்ன்.

"ரோலண்ட் செத்துட்டார்" என்றாள் வெர்னா. "யாரோ விறகுக்கட்டையால மண்டையில அடிச்சிருக்காங்க."

ட்வெய்ன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பிணத்தை விறகுக் கொட்டகையில் வைக்கலாம் என்றாள் டாம்சின். "வெச்சா காலையில பாதிதான் இருக்கும். பொணம் தின்கிற வுல்வரின் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு" என்றாள் ஓடில். எனவே லைல் முதலாளியை மாவு மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, ஆனால் மாவு மூட்டையைத் தூக்குவதைவிட ரொம்ப மெதுவாக, மாடியில் ஓடிலின் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான்.

சமையலறை வயர்லெஸ்ஸில் போலீஸ் கிடைத்தது. கார்ப்பரல் ஃபென்விக் என்றது கரகரத்த குரல். காற்று அடங்கினால்தான் ஹெலிகாப்டர் எழும்பும், நாளைக் காலைக்கு முன்னால் வர வாய்ப்பே இல்லை. காலையிலிருந்து யார் யார் எங்கே இருந்தார்கள் என்று விசாரித்தார். வெர்னாவும் ஓடிலும் ஒன்றாகச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். மற்ற மூவரும் தனித்தனியாக.

"அப்ப நீங்க ரெண்டு பேரும்தான் எனக்குக் கண்ணும் காதும். அந்த மூணு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைங்க. கக்கூஸ் போறதா இருந்தாலும் கூட ஒருத்தர் போகணும். யாரும் வெளிய கால் வெக்கக் கூடாது. யார்மேலயும் பழி போடாதீங்க. முக்கியமா, நல்லா சாப்பிடுங்க."

வெர்னா கூடத்துக்கு வந்து இதைச் சொன்னாள். ஒரு போர்வை எடுத்து மூடிவிட்டு வருகிறேன் என்று ஓடில் மாடிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து வெர்னாவைச் சமையலறைக்குக் கண்ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"போர்வையப் போத்தினேன். தும்முறார்."

"யாரு?"

"பொணம்."

இருவரும் பின்படிக்கட்டு வழியாக ஏறினார்கள். ரோலண்ட் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் உடம்பு அவ்வளவு விறைத்திருந்ததில் நாடி ஓடில் விரலுக்குத் தட்டுப்படவில்லை. கீழே கூடத்து அடுப்பின் சூடு மாடித் தரையில் பதித்த இரும்புக் கிராதி வழியாக ஏறி அந்த அறையைக் கதகதப்பாக்கியிருந்தது. அந்தச் சூட்டில்தான் மனிதர் உறைவு இளகி வந்திருக்கிறார்.

"என் கண்ணாடி எங்க" என்று முனகியதுதான் அவர் முதல் வார்த்தை. "பசிக்குது" இரண்டாவது.

வெர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்த மனிதர் உயிரோடிருப்பதில் தனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள யார் அடிச்சது?" என்று காதோரம் கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன். வெந்து வெளிய வந்தேன். துணி மாத்துற ரூம்ல ஏதோ மங்கலா நின்னுச்சு. கோட்டு தொங்குதுன்னு நெனச்சேன். வெளிய போய்ப் பனியில விழுந்து எந்திரிக்கும்போது பின்னாலேருந்து ஒரு போடு. கண்ணாடி போட்டிருந்தாத்தானே தெரியும்."

"கால்கரிக்காரனுக்குச் சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியுமே. அவங்கதான் அடிச்சிருக்கணும். யாரு அது?"

ரோலண்ட் சுவரைப் பார்த்தார். "எனக்கு என்ன தெரியும்? சும்மா சொல்லிப் பாத்தேன். தப்புப் பண்ணவங்க பயந்துபோய்த் தனியா என்கிட்ட வருவாங்கன்னு நெனச்சேன்."

"வந்தாங்களே" என்றாள் ஓடில், அவர் மண்டையைத் துடைத்துக்கொண்டே.

வயர்லெஸ்ஸில் கார்ப்பரல் இந்தச் சேதியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "அடிச்ச ஆளு அங்கேயேதான் இருக்கான். பொழச்சுட்டார்னு தெரிஞ்சா மிச்சத்தை முடிக்கப் பாப்பான். அதனால நான் வர்ற வரைக்கும் அவர் செத்தவராவே இருக்கட்டும்."

தலைச்சுற்றல் இல்லை, வாந்தி இல்லை, வாய் மட்டும் அடங்கவில்லை என்று ஓடில் அவரைப் பற்றிக் கார்ப்பரலிடம் சொன்னாள். மாடிக்குத் திரும்பியதும், அவர் குரல் கீழே கேட்காமலிருக்கக் கட்டிலைக் கிராதியிலிருந்து நகர்த்தலாம் என்று வெர்னா பார்த்தாள். ரோலண்ட் விடவில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் குப்புறப் படுத்து, கிராதியில் காதை வைத்தார். கீழே பேசுவது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

"நான் செத்ததுக்கு என்ன பேசிக்கிறாங்கன்னு பாக்கலாம்" என்று கிசுகிசுத்தார். கண்ணில் சின்னப் பையனுக்குரிய குஷி.

கீழே ட்வெய்ன் பேசிக்கொண்டிருந்தான். குரல் தழுதழுத்தது. "அவர் எனக்கு முதலாளி இல்ல, அப்பா. அவர் மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்கப் போறதில்ல."

"பாத்தியா" என்றார் ரோலண்ட். "நல்ல பையன். இவன் ஒருத்தனுக்குத்தான் என்மேல பாசம்."

"செத்துட்டார்ங்கறதுக்காகப் பொய் சொல்லணுமா?" இது டாம்சின். "நாலு வருஷமா வேலை பாக்கறேன். ஒரு நாள் குட் மார்னிங் சொன்னதில்ல. என் பூரணத்த வாயில போட்டுட்டு, 'ம்'னு சொல்லிட்டுப் போவார். அந்த 'ம்' நல்லாருக்கா நல்லால்லயான்னு யோசிச்சே எனக்கு முடி கொட்டிப்போச்சு."

ரோலண்டின் முகம் விழுந்தது. "இவதான்" என்றார். "இவதான் அடிச்சிருக்கா. எழுதி வெச்சுக்கோ."

"செத்தவர் பேசக் கூடாது" என்று வெர்னா அவர் வாயைப் பொத்தினாள்.

கீழே யாரோ அடுப்பில் விறகைத் தள்ளினார்கள். அப்புறம், யாரும் எதிர்பாராமல், லைல் பேசினான். "எங்க ரெண்டாவது கொழந்த பொறந்தப்ப, எங்கிட்ட ஏன்டா சொல்லலன்னு வீட்டு வாசல்ல வந்து அரை மணி நேரம் திட்டினார். திட்டிட்டு, ஒரு அண்டா சூப்பக் குடுத்துட்டுப் போனார்." சீட்டைக் கலைக்கும் சத்தம். "சூப்பு நல்லால்ல. ஆனா கொண்டுவந்தது அவர் ஒருத்தர்தான்."

கிராதியின் மேல் படுத்திருந்தவர் மூக்கை உறிஞ்சினார். அவர் எழுப்பும் சத்தத்தை மறைக்க வெர்னா வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்து, தரையில் காலைத் தேய்த்து நடந்தாள்.

பட்டாணி சூப்போடு அவள் கூடத்துக்கு இறங்கினாள். அடித்தவர் இந்த மூவரில் ஒருவர் என்று தெரிந்தும் அவர்களுக்குக் கிண்ணம் நீட்டுவது வினோதமாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் கொலை வீட்டுக் களையே இல்லை. லைலும் டாம்சினும் அடுப்படியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"கொலைகாரி நீயா இருந்தா இந்த ஆட்டத்துக்கு அப்பறம் சொல்லு. நான் ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான் லைல்.

"நான் செஞ்சிருந்தா கட்டையால அடிச்சிருக்க மாட்டேன். மத்தி மீன் பூரணத்துல விஷத்த வெச்சு முடிச்சிருப்பேன். யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

வெர்னா சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு ட்வெய்னைப் பார்த்தாள். அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. துக்கத்தில் அவன் கண் இரண்டும் வீங்கிக் கோழிமுட்டை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. கெட்டிலை எடுத்துக் காபி ஊற்றினான். பாதி கோப்பைக்கு வெளியே போயிற்று. சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டு, அதைக் குடித்தும் விட்டான். பிறகு எழுந்து போய், ஆறுதலாக ஒரு தோளில் கை வைத்து, "அழாத டாம்சின், நாம எல்லாரும் இருக்கோம்" என்றான்.

"நான் லைல்" என்றது தோள்.

"துக்கத்துல மனுஷன் எப்படி ஆயிட்டான் பாரு" என்று ஓடிலிடம் வருத்தப்பட்டாள் வெர்னா. அவனிடம், "கொஞ்சம் படுக்கறியா ட்வெய்ன்?" என்று கேட்டாள்.

"குடிசை வரைக்கும் போய்ட்டு வந்தா மனசு ஆறும். அவர் கடைசியா இருந்த எடம். அங்க நின்னு ஒரு ஜெபம் பண்ணணும்."

"யாரும் வெளிய போகக் கூடாதுன்னு போலீஸ் சொல்லியிருக்கே."

"ஒரே நிமிஷம்தான் வெர்னா."

"இங்கேருந்தே பண்ணு. கடவுளுக்குக் கேக்கும்."

மாடியில் ரோலண்ட் சூப்பைப் பார்த்து, ஸ்பூனைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியல. என் கண்ணாடியக் கொண்டா. குடிசையில ஜன்னலோரப் பலகையில கழட்டி வெச்சேன். அது இல்லாம நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்" என்று தொந்தரவு செய்தார். வெளியே போகக் கூடாது என்பது அந்த மூவருக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓடிலைக் காவல் வைத்துவிட்டு வெர்னா கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குப் போனாள். பலகையில் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி இருந்தது. மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புருவமெல்லாம் பனி அப்பத் திரும்பி வந்து, துடைத்து அவர் மூக்கில் மாட்டினாள்.

ரோலண்ட் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார். "என்ன இது. முன்னைக்கு மோசமா இருக்கே. ரூமே தண்ணிக்குள்ள இருக்கு. அடியில எனக்குக் கண்ணே கெட்டுப்போச்சா வெர்னா?"

வெர்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் பார்த்த முகம். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் எப்போதும் இரண்டு பங்கு பெரிதாகி, ஆந்தை மாதிரி உருட்டிக்கொண்டு நிற்கும். லாரி பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்தக் கண்தான் முதலில் வரும். இப்போது இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் மிளகு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

பெரிதாக இருக்க வேண்டிய கண் இங்கே சிறிதாக இருக்கிறது. அப்படியானால் சிறிதாக இருக்க வேண்டிய கண் ஒன்று எங்கேயோ பெரிதாக இருக்கிறது.

எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துக்கமும் இல்லை, வீக்கமும் இல்லை. குளிரிலிருந்து குடிசையின் சூடான அறைக்குள் போனதும் ட்வெய்னின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். கழற்றிப் பலகையில் ரோலண்டின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். காரியத்தை முடித்துவிட்டு அரைவெளிச்சத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். மாறிப்போனது தெரிந்து திரும்பிப் போய் எடுப்பதற்குள் அவள் பின்வாசலைத் திறந்துவிட்டாள். அப்போதிலிருந்து வெளியே போகவே அவனுக்கு வழியில்லை. கழற்றி வைத்தால் 'உன் கண்ணாடி எங்கே' என்று கேட்பார்கள். மத்தியானத்திலிருந்து இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உலகத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறான்.

வெர்னாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. கொல்லப் பார்த்ததற்குக்கூட அப்புறம்தான். இவனுக்காக அவள் இரண்டாவது கிண்ணம் சூப் ஊற்றினாளே.

"நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று ரோலண்டிடம் சொன்னாள். "என்ன கேட்டாலும் சரி. கட்டிலைவிட்டு எறங்கக் கூடாது." அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் நம்பியிருக்கக் கூடாது.

ஓடில் சமையலறை வாசலில் இரும்புச் சட்டியோடு நின்றுகொண்டாள். வெர்னா கூடத்துக்குள் போய், முதலில் லைலிடம், "கொஞ்சம் ட்வெய்ன் பக்கத்துல போய் உக்காரு" என்றாள். லைல் எதற்கு என்று கேட்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். பெஞ்சின் அந்தப் பக்கம் இறங்கி ட்வெய்ன் உட்கார்ந்த பக்கம் மேலே எழும்பியது.

எப்படித் தொடங்குவது என்று படியிறங்கும்போதே அவள் யோசித்து வைத்திருந்தாள். பொதுவாகச் சில கேள்விகள், அப்புறம் கண்ணாடியைப் பற்றி, அப்புறம் மெதுவாக முடிச்சைப் போடுவது. மேஜைமேல் அந்தக் கறுப்புக் கண்ணாடியை வைத்தாள்.

"இது குடிசைப் பலகையில இருந்துச்சு ட்வெய்ன். யாரோடது?"

"ரோலண்டோடது" என்றான் ட்வெய்ன் உடனே. குரல் உடைந்தது. "பாவம், அவர் கண்ணாடி."

"அப்படியா. டாம்சின், அவன் மூக்குல இருக்கிறத வாங்கிப் போட்டுப் பாரேன்."

ட்வெய்ன் பின்னால் சாய்ந்தான். லைல் இரண்டு விரலால் அதை அவன் முகத்திலிருந்து கழற்றி டாம்சினிடம் நீட்டினான். அவள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கண் இரண்டும் ஆந்தைக் கண்ணாக வெளியே வந்து நின்றன. லைல் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, "முதலாளி" என்றான்.

"ட்வெய்ன்," என்று வெர்னா தொடங்கினாள், "இன்னிக்கு மத்தியானம் நீ படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்ததா..."

"என் கண்ணாடிய என்கிட்ட குடுடா, திருட்டுப் பயலே" என்று கூரையிலிருந்து குரல் இடித்தது.

டாம்சினின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. லைல் எழுந்து நின்றதில் பெஞ்சு கவிழ, ட்வெய்ன் தரையில் உருண்டு, கிராதியை நோக்கி இரண்டு கையையும் கூப்பினான். அந்த வெறுங்கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்ததோ.

"மன்னிச்சிடுங்க ரோலண்ட். நான் கெஞ்சத்தான் வந்தேன். சத்தியமா கெஞ்சத்தான் வந்தேன். கால்கரியில எனக்கு மேனேஜர் வேலை தர்றேன்னாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் நான் உங்க சட்டையோட நிழலாத்தான் இருப்பேன். சாப்பாட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லிடுவீங்களேன்னு... நீங்க என்னத் தாண்டிப் போனீங்க, பாக்கவே இல்ல. கட்டை கையில இருந்துச்சு."

"எனக்கு நீதான்னு தெரியவே தெரியாதுடா" என்றது கூரை. இந்த முறை குரலில் கோபம் இல்லை. "நீ அழுதப்ப நான் நம்பினேன்டா."

ட்வெய்ன் அப்போதுதான் நிஜமாக அழுதான். லைல் அவனைத் தூக்கி உட்கார வைத்து, சறுக்குக் கட்டைகளைக் கட்டும் வாரால் கையைக் கட்டினான். இறுக்கமாகத்தான் கட்டினான், ஆனால் ரத்த ஓட்டம் நிற்காமல் பார்த்துக் கட்டினான்.

டாம்சின் படியில் ஓடி ஏறிப் போய்க் கதவைத் திறந்தாள். அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள் என்று பின்னால் வந்த வெர்னா நினைத்தாள். டாம்சின் இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"நீங்க உயிரோட இருந்தீங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டே இருந்தீங்க."

"ம்" என்றார் ரோலண்ட்.

"அந்த 'ம்'முக்கு இப்ப அர்த்தம் சொல்லுங்க."

"நல்லாருக்குன்னு அர்த்தம். எப்பவும் அதுதான் அர்த்தம். நல்லால்லன்னா நான் ஒரு மணி நேரம் பேசுவேனே."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவள், நிறுத்த முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வானம் துடைத்து விட்டது மாதிரி நீலமாக இருந்தது. ஹெலிகாப்டர் விடுதிக்கு முன்னால் பனியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. கார்ப்பரல் ஃபென்விக் குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒல்லி ஆள். ஓடில் நீட்டிய அப்பங்களை மேப்பிள் மரப் பாகில் முக்கி, தட்டு காலியாகும் வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கட்டையையும் இரண்டு கண்ணாடிகளையும் பையில் போட்டார்.

"என் கண்ணாடிய எதுக்குப் பையில போடுற" என்றார் ரோலண்ட்.

"அது சாட்சி சார்."

"அப்ப நான் எதால பாக்கறது?"

ஹெலிகாப்டரில் இடம் குறைவு. அடிபட்டவரும் அடித்தவனும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் ரோலண்ட் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்ததாகவும், பாதி வழியில் ட்வெய்ன் தன்னைச் சீக்கிரம் ஜெயிலில் போடும்படி கேட்டுக்கொண்டதாகவும் கார்ப்பரல் பிற்பாடு வெர்னாவிடம் சொன்னார். ஜெயிலில்தான் போட்டார்கள், சில வருஷங்களுக்கு. விசாரணையின்போது ரோலண்ட் நீதிபதியிடம், பையனுக்கு விற்பனையில் நல்ல திறமை உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்தக் காலையில் ஹெலிகாப்டர் மேலே எழும்பும்போது, ரோலண்ட் கதவோரம் குனிந்து வெர்னாவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். இறக்கைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை லாரியைப் பற்றித்தான் இருக்கும். வெர்னா ஒன்றும் கேட்காததற்கு ரொம்ப நன்றியோடு கையசைத்தாள்.

வண்டித்தடம் திறக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றாள் ஓடில். கம்பெனிக்கு மூன்று பேரும் போக முடியாது, அதற்கு யாரும் பொறுப்பும் இல்லை. வெர்னாவுக்கு ஒரு மனிதர் சாகக் கிடந்த இடத்தில் இவ்வளவு லேசாக இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சரிவு முழுக்க யார் காலும் படாத புதுப் பனி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அந்த எண்ணம் அதற்கு மேல் நிற்கவில்லை.

லைல் மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் வாழ்நாளில் சறுக்குக் கட்டை மாட்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. டாம்சின் மண்டியிட்டு உட்கார்ந்து அவன் பூட்ஸில் வாரை மாட்டினாள்.

"முட்டிய மடக்கு. முன்னால சாய். அவ்வளவுதான்."

"நிக்கறது எப்படி?"

"அது அப்பறம்."

அவள் லேசாக முதுகில் தட்டினாள். அந்தப் பெரிய உடம்பு கையை விரித்துக்கொண்டு, சத்தமே போடாமல், நேர்க்கோட்டில், சரிவின் அடிவரைக்கும் போய்ப் பனியில் முழுசாக மறைந்தது. கொஞ்சம் பனி கிளம்பி அடங்கியது. பிறகு அதன் நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, இன்னொரு தடவை என்பது போல ஒரு விரலை உயர்த்தியது.

"பாத்துக்கிட்டே நிக்காத" என்று ஓடில் வெர்னாவின் காலடியில் ஒரு ஜோடி கட்டையைப் போட்டாள். வெர்னா தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, வாரைக் கட்டத் தொடங்கினாள்.